மெட்ச் முடிஞ்ச பொறகு எல்லாரும் கெப்டன்தான்

இத எழுதி முடிக்காம எனக்கு நித்திரை வராது. அவ்வளவு எரிச்சல்.

நம்மட பக்கம் நடந்த சொப்ட்போல் பைனல் ஒண்டு முடிஞ்சு கிழமை தாண்டிட்டு. கப் எந்தக் கழகத்துக்குப் போச்சு எண்ட கதை அடுத்த நாளே ஓய்ஞ்சி. ஆனா தோத்த டீமுட கெப்டனுக்கு விழுற ஏச்சு மட்டும் ஓயல்ல. தேத்தண்ணிக் கடையில ஏச்சு. இஷா தொழுதுட்டு பள்ளி வாசல்ல செருப்புத் தேடுற நேரம் ஏச்சு. வாட்ஸ்அப் குரூப்புல வொய்ஸ் மெசேஜ்ல ஏச்சு. (ஒரு மனிசன் நாலு நிமிஷம் விடாம ஏசியிருக்காரு. மூச்சு எங்க எடுத்தாரு எண்டுதான் எனக்கு விளங்கல்ல.)

சரி, அந்தப் பொடியன் செஞ்ச குத்தம் என்ன?

10 ஓவர் மெட்ச். கடைசி 2 ஓவர்ல எதிர் டீமுக்கு 19 ஓட்டம் வேணும். கிறீஸ்ல அவங்கட பெரிய அடிகாரன் நிலைச்சு நிக்கிறான். நம்மட கெப்டன்ட கையில ரெண்டு போலர். ஒருத்தன் டீமுலயே நல்லவன், அவனுக்கு ஒரு ஓவர்தான் மிச்சம். மத்தவன் சுமார். இப்படி வந்தா ஊர் வழக்கம் என்ன? நல்லவன கடைசி ஓவருக்கு வைக்கிற. வாப்பா காலத்துல இருந்து அதான்.

இவன் வைக்கல்ல. ஒம்பதாவது ஓவரையே நல்லவன்ட கையில குடுத்துட்டான்.

4 ஓட்டம்தான் போச்சு. அடிகாரனும் பவுண்டரிக் கயித்துக்கிட்ட கெட்ச் குடுத்துப் போய்ட்டான். மைக்ல கதைச்சிட்டிருந்த அறிவிப்பாளருக்குத் தொண்டையே கட்டிட்டு. கடைசி ஓவருக்கு 15. சுமாரானவன் போட்டான். மஃரிபுக்குக் கிட்டின நேரம், வெளிச்சம் இறங்கிட்டு, கடல் காத்து வேற அடிக்குது. அதுக்குள்ள யாரும் எதிர்பாக்காத ஒரு சின்னப் பொடியன் வந்து ரெண்டு சிக்ஸ் அடிச்சான். ஒரு பந்து மிச்சமிருக்க எல்லாம் முடிஞ்சி.

"நல்லவன ஏன்டா முன்னுக்குப் போட்ட?"

இந்தக் கேள்வியத்தான் ஊரே கேக்குது.

நான் கேக்கிறது வேற. ரெண்டு ஓவரும் எப்படியும் போடத்தானே வேணும்? நல்லவன கடைசிக்கு வச்சிருந்தா, அந்தச் சுமாரான போலர் ஒம்பதாவது ஓவர் போட்டிருப்பான். யாருக்கு? நிலைச்சு நிண்ட அடிகாரனுக்கு! அதுல 15 போயிருந்தா கடைசி ஓவருக்கு மிச்சம் 4. அப்ப நல்லவன் வந்து என்னத்தப் பிடிக்கிற? மெட்ச் எங்க இறுகி நிக்குதோ அங்கதான் நல்ல போலர் வேணும். அது ஒம்பதாவது ஓவர்லதான் இறுகி நிண்டிச்சு.

அப்படித் தோத்திருந்தா கெப்டன ஒருத்தரும் ஏசியிருக்க மாட்டாங்க. "பாவம், அவன் சரியாத்தான் வச்சிருந்தான், மத்தவன் சொதப்பிட்டான்" எண்டு போலர்ட தலையில போட்டிருப்பாங்க.

இதுதான் எனக்குக் கோபம் வாற இடம். தோக்கிறது ஒரு விசயம். தோத்தா ஏச்சு யாருக்கு விழும் எண்டது வேற விசயம். முக்காவாசிக் கெப்டன்மார் ரெண்டாவதத்தான் கணக்குப் பாத்து மெட்ச் விளையாடுறாங்க. இந்தப் பொடியன் மொதலாவதக் கணக்குப் பாத்தான். அதுக்குத்தான் இந்த அடி.

இப்ப ஒரு சுத்து சுத்தி அமெரிக்காவுக்குப் போவம். (பயப்பட வேணாம், விசா தேவல்ல.)

கத்தார்ல நான் வேலை செஞ்ச காலத்துல எங்கட சைட்ல ஒரு அமெரிக்கர் இருந்தாரு. அவங்கட ஊர் புட்போல்ல பைத்தியம். சாப்பாட்டு மேசையில உப்புப் போத்தல், மிளகுப் போத்தல், சோஸ் போத்தல் எல்லாத்தையும் வரிசையா நிறுத்தி வச்சு எனக்கு வகுப்பு எடுப்பாரு. கையில பந்த வச்சிட்டு ஓடி, ஆளுக்காள் இடிச்சு விழுறதெல்லாம் ஒரு விளையாட்டா எண்டுதான் மொதல்ல நெனச்சன். அந்த "நாலாவது டவுன்" விளங்கின பொறகுதான் ருசி பிடிச்சிச்சு.

கணக்கு லேசு. பந்து வச்சிருக்கிற டீமுக்கு 4 சான்ஸ். அதுக்குள்ள 10 யார்ட் முன்னுக்குப் போகணும், அதாவது 30 அடி. போய்ட்டா புதுசா 4 சான்ஸ். போகல்லயா, நிண்ட இடத்துலயே பந்த எதிர் டீமுக்குக் குடுத்துடணும்.

மூணு சான்ஸ் முடிஞ்சு நாலாவது வரக்குள்ளதான் கோச்சுக்கு வயித்தக் கலக்கும். பந்தத் தூர உதைச்சு எதிர் டீம அவங்கட மூலைக்கு அனுப்பலாம். கம்பம் கிட்ட இருந்தா நடுவால உதைச்சு 3 புள்ளி எடுக்கலாம். இல்லாட்டி, வாறது வரட்டும் எண்டு நாலாவது தரமும் முன்னுக்கு ஓடிப் பாக்கலாம். சரிவந்தா சபாஷ். சரிவராட்டி பந்தும் போச்சு, இடமும் போச்சு.

டேவிட் ரோமர் எண்டு ஒரு பொருளியல் பேராசிரியர், கலிபோர்னியாவுல பேர்க்லி பல்கலைக்கழகம். 1998, 1999, 2000 மூணு சீசன் மெட்ச்களையும் எடுத்து வச்சு, நாலாவது டவுன்ல கோச்மார் என்ன செஞ்சாங்க, என்ன செஞ்சிருக்கணும் எண்டு கணக்குப் பாத்தாரு. 2006ல அந்தக் கட்டுரை வெளிவந்திச்சு. முன்னுக்கு ஓடியிருக்க வேண்டிய இடங்கள்ல, பத்துக்கு ஒம்பது தரம் கோச்மார் உதைச்சிட்டுப் போயிருக்காங்க!

கோடிக் கணக்குல சம்பளம் எடுக்கிற ஆக்கள். கணக்குத் தெரியாதா? தெரியும். உதைச்சிட்டுத் தோத்தா டீம் தோத்தது. ஓடிப் பாத்துத் தோத்தா கோச் தோத்தது. வேலை போறது யாருக்கு?

இதுல சொல்லாம விடக் கூடாத ஒண்டு இரிக்கு. ரோமர்ட கணக்குப்படி, இதெல்லாம் சரியா செஞ்சாலும் மூணு சீசனுக்கு ஏறக்குறைய ஒரு வெற்றிதான் கூடும். அவ்வளவுதான். துணிஞ்சவனுக்குத் தூக்குமேடை பஞ்சுமெத்தை எண்டு வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போடுற ஆக்கள் இத ரெண்டு தரம் வாசிக்கணும். நல்ல முடிவு டீமத் தூக்கி நிறுத்தாது, கொஞ்சமா நெம்பி விடும். மிச்சத்த விளையாடுறவன்தான் செய்யணும்.

ஏச்சுக்கு நல்ல உதாரணம் பில் பெலிச்சிக். அவங்கட விளையாட்டுல பெரிய தலை, அப்ப நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் டீமுட கோச். 2009 நவம்பர்ல இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸோட மெட்ச். 34க்கு 28 எண்டு முன்னுக்கு நிக்கிறாங்க, ரெண்டு நிமிஷம் சொச்சம் மிச்சம். நாலாவது டவுன், 2 யார்ட் போனாப் போதும். ஆனா நிக்கிறது தங்கட சொந்தப் பக்கத்துல, 28வது யார்ட்ல. உலகமே உதைக்கச் சொல்லுது. அவரு ஓடச் சொன்னாரு. கொஞ்சத்தால தட்டிப் போச்சு. கோல்ட்ஸ் பந்த எடுத்து 35க்கு 34 எண்டு வெண்டுட்டாங்க. அதுக்கு முந்தியே 3 தரம் சூப்பர் போல் (அவங்கட பைனல்) வெண்ட மனிசன். அடுத்த நாள் அவருக்கு விழுந்த ஏச்சு, நம்மட ஊர்ப் பொடியனுக்கு விழுந்தத விடக் கூட. கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் மட்டும் "அவரு செஞ்சது சரி" எண்டு சொல்லிட்டே இருந்தாங்க. யாரு கேட்ட?

இதே வேலைய பிலடெல்பியா ஈகிள்ஸ் கோச் டக் பீடர்சன் 2018 பெப்ரவரியில சூப்பர் போல்லயே செஞ்சாரு. நாலாவது டவுன், கோட்டுக்கு ஒரு யார்ட். லேசா உதைச்சு 3 புள்ளி எடுத்திருக்கலாம். எடுக்கல்ல. பந்து எறியிற நிக் போல்ஸையே ஓட வச்சு, அவருக்கு வேற ஒருத்தர எறிய வச்சு, புள்ளி எடுத்தாங்க. 41க்கு 33, கப் ஈகிள்ஸுக்கு. இப்ப அந்த ஊர் மைதானத்துக்கு வெளிய, கோச்சும் போல்ஸும் அந்த முடிவ எடுக்கக்குள்ள கதைச்ச மாதிரியே சிலை நிக்குது.

ஒரே மாதிரித் துணிவு. ஒருத்தருக்கு ஏச்சு, ஒருத்தருக்குச் சிலை.

(சூப்பர் போல் நம்மட நேரத்துக்கு திங்கக்கிழமை காலை 5 மணிக்குத் தொடங்குது. சுபஹுக்கு எழும்புற ஆக்களுக்கு வசதி. தொழுதுட்டு வந்து ஒருக்கா பாருங்க, பழகிடும்.)

அமெரிக்கா போதும். லாகூருக்கு வாங்க.

1996 மார்ச் 17, இலங்கையும் அவுஸ்திரேலியாவும் விளையாடின உலகக் கிண்ண பைனல். நம்மட ஆக்கள் யாருக்கும் இந்தத் திகதியச் சொல்லித் தரத் தேவல்ல. அர்ஜுன ரணதுங்க டொஸ் வெண்டு அவுஸ்திரேலியாவ பெட் பண்ணச் சொன்னாரு. இப்ப அது லேசாத் தெரியும். அப்ப கதை வேற. அதுக்கு முந்தி நடந்த 5 உலகக் கிண்ண பைனல்லயும், 1975ல இருந்து 1992 வரைக்கும், மொதல்ல பெட் பண்ணின டீம்தான் கப் தூக்கினது. பைனல்ல ஓட்டத்தத் துரத்தி ஒருத்தரும் வெண்டதில்ல. அர்ஜுன மட்டும் தோத்திருந்தா அந்த ஒரு டொஸ்ஸ வச்சே அவர முப்பது வருஷம் வறுத்திருப்பம். நான் உட்பட.

அவுஸ்திரேலியா 241. நம்மட ஆக்கள் 3 விக்கட் மட்டும் குடுத்து, 46.2 ஓவர்ல 245. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காம 107, அதுக்கு மேல 3 விக்கட்டும்.

எல்லாரும் டொஸ்ஸப் பத்திக் கதைக்கிற. எனக்கு அத விடப் பிடிச்சது களுவித்தாரணட கதை.

மொத 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளிய ரெண்டே ரெண்டு பேர்தான் நிக்கலாம் எண்ட சட்டம் அப்ப இருந்திச்சு. மத்த டீமெல்லாம் புதுப் பந்துக்கு மரியாதை குடுத்து மெதுவாத் தொடங்கிட்டு இருந்த காலம். நம்மட ஆக்கள் சனத் ஜயசூரியவையும் களுவையும் மொதல்ல அனுப்பி, வந்ததும் அடி எண்டு விட்டாங்க. டெல்லியில இந்தியாவோட மொத 3 ஓவர்ல 42! மனோஜ் பிரபாகர் கடைசியில வேகத்த விட்டுட்டுச் சுழல் பந்து போட்டது மறந்திருக்காது.

சரி, அந்த உலகக் கிண்ணத்துல களு மொத்தம் எத்தின ஓட்டம் எடுத்தாரு எண்டு யாரையாவது கேளுங்க. நான் தேத்தண்ணிக் கடையில கேட்டுப் பாத்தன். ஒருத்தர் 300 எண்டாரு. இன்னொரு காக்கா "அவன்தானே எங்களுக்குக் கப் எடுத்துத் தந்த" எண்டு கோவிச்சிட்டாரு.

73. ஆறு இன்னிங்ஸ்லயும் சேத்து 73. ஆகக் கூடினது கென்யாவோட 33. செமி பைனல்ல 0. பைனல்ல 6.

செமி பைனல ஒருக்கா நெனச்சுப் பாருங்க. கொல்கத்தா ஈடன் கார்டன், சனம் நிறைஞ்சு வழியிது. மொத ஓவர்லயே ஸ்ரீநாத்ட பந்துக்கு களுவும் அவுட், சனத்தும் அவுட். ஸ்கோர் 1க்கு 2. இண்டைக்கு அப்படி நடந்தா பேஸ்புக்ல அந்த ரெண்டு பேர்ட குடும்பத்துக்கே இருக்க விட மாட்டாங்க. அடுத்து வந்த அரவிந்த என்ன செஞ்சாரு? கட்டைய ஊண்டிட்டு நிண்டாரா? 47 பந்துல 66. நேரம் பாத்துப் பயப்படல்ல, திட்டத்த மாத்தல்ல. 251 எடுத்தாங்க. மிச்சத்துல நடந்தது தெரியும்தானே, இந்தியா 120க்கு 8ல நிக்கக்குள்ள சனம் குழம்பி மெட்ச் நிண்டு, நமக்கே குடுத்தாங்க.

நாலு நாளைக்குப் பொறகு பைனல். களுவக் கீழ இறக்கினாங்களா? இல்ல. அதே களு, அதே இடம், அதே அடி. திரும்பவும் சரிவரல்ல. சனத் 9, களு 6, ஸ்கோர் 23க்கு 2. பொறகு அரவிந்தவும் குருசிங்கவும் அர்ஜுனவும் பாத்துக்கிட்டாங்க.

அதாவது உலகமே மெச்சின அந்தத் தொடக்கம், ஆகப் பெரிய ரெண்டு மெட்ச்லயும் தோத்துப் போச்சு. அதுக்காக அது பிழையான திட்டமா? இல்லவே இல்ல. பின்னால அரவிந்த மாதிரி ஆள் இருக்கக்குள்ள, முன்னுக்கு ரெண்டு பேர அடிக்க விடுறது சரியான கணக்கு. சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது. றோட்டுல நெல்லுக் காயப் போட்டிருக்கக்குள்ள மேகம் கறுத்தா அள்ளி மூடுறம். மழ பெய்யாம விட்டா "ஏன்டா அள்ளின" எண்டு யாரும் ஏசுறமா? நெல்லுக்கு இருக்கிற நியாயம் கெப்டனுக்கு ஏன் இல்ல?

இன்னொண்டு. நம்மட ஆக்கள் துணிவு எண்டதும் உடன சொல்ற பேரு குசல் பெரேரா. 2019 பெப்ரவரி, டேர்பன் டெஸ்ட். 304 வேணும், 226க்கு 9 விக்கட் போய்ட்டு. கடைசிச் சோடி 78 எடுத்திச்சு. அதுல விஷ்வ பெர்னாண்டோட பங்கு 6 ஓட்டம்தான். குசல் தனியாளா நிண்டு 153. கடவுளே எண்டு நான் டீவிய விட்டு எழும்பல்ல. என்ட வாழ்க்கையில பாத்த ஆகச் சிறந்த இன்னிங்ஸ் அதுதான், இதுல யாரோடையும் வாதாட வர மாட்டன்.

ஆனா அந்த முடிவுகள் துணிவான முடிவுகளா? ஒம்பது விக்கட் போன பொறகு அடிக்காம வேற என்ன வழி? போனா யாரும் ஏசப் போறதில்ல. திறமை வானத்துக்கு, சந்தேகமில்ல. முடிவு மட்டும் லேசானது. கஷ்டமான முடிவு எது தெரியுமா? ஏச்சு விழாத வழி ஒண்டு பக்கத்துலயே திறந்து கிடக்கக்குள்ள, மத்த வழியால போறது.

தோனி 2011 உலகக் கிண்ண பைனல்ல, மும்பையில செஞ்சது அது. (நமக்கு நெஞ்சு எரியிற கதைதான், எண்டாலும் சொல்லத்தான் வேணும்.) நம்மட 274அத் துரத்தி 114க்கு 3. அடுத்து வர வேண்டியது யுவராஜ், அந்தத் தொடர்ட நாயகன். தோனி அந்த உலகக் கிண்ணத்துல அதுவரைக்கும் ஒரு 50 கூட அடிக்கல்ல. அந்த மனிசன் யுவராஜ இருக்கச் சொல்லிட்டுத் தானே இறங்கி வந்தாரு. நம்மட முரளி சென்னை டீமுல தோனிட கையில விளையாடின ஆள், அவர்ட பந்து இவருக்குப் பழக்கம். கணக்குச் சரி. ஆனா அண்டைக்கு 5 ஓட்டத்துல போயிருந்தா? இந்தியா முழுக்க அவர்ட கொடும்பாவி எரிஞ்சிருக்கும். 91 அடிச்சதால அது இப்ப சரித்திரம்.

இவ்வளவும் சொன்னதுக்காக, கண்ண மூடிட்டு அடிக்கிறவனெல்லாம் அறிவாளி எண்டு நான் சொல்லல்ல. நாலாவது டவுன்ல 15 யார்ட் மிச்சமிருந்தா உதைக்கத்தான் வேணும், அதுதான் அங்க சரியான கணக்கு. நம்மட மைதானங்கள்ல ஒரு கூட்டம் இரிக்கு. மொத பந்துக்கே கண்ண மூடிட்டுச் சுத்துவாங்க, நடுக் கம்பு பறக்கும், வெளிய வந்து "நான் சனத் ஸ்டைல் மச்சான்" எண்டு சொல்லுவாங்க. இல்ல தம்பி. சனத்துக்கு வட்டத்துக்கு வெளிய ரெண்டு பேர்தான் நிண்டாங்க எண்டு தெரியும். உனக்கு லோங் ஓன்ல ஆள் நிக்கிறதே தெரியல்ல.

இதே மாதிரி, வழக்கத்துக்காகவே ஒரு வேலைய செஞ்சிட்டு இருக்கிற கெப்டன்மாரும் இரிக்காங்க. டொஸ் வெண்டா பெட்டிங் எண்டு கண்ண மூடிட்டுச் சொல்றவர். பின்னேர மெட்ச்ல, இருட்டிட்டு வரக்குள்ள பந்து தெரியாது எண்டதால அது பெரும்பாலும் சரி. ஆனா காலை மெட்ச்லயும் அதையே சொல்றாரு! ஏன் எண்டு கேட்டா, "அப்படித்தானே எல்லாரும்." சரி, எல்லாரும் தோத்தா நீங்களும் தோப்பீங்க, சந்தோசமா.

இப்ப இந்த ஏச்செல்லாம் எங்க போய் முடியிது எண்டு பாருங்க. அந்தக் கழகத்துல கூட்டம் வைக்கப் போறாங்களாம், கெப்டன மாத்த. புதுசா வாறவன் என்ன செய்வான்? எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். நல்லவன கடைசி ஓவருக்கு வைப்பான். ஒம்பதாவது ஓவர்லயே மெட்ச் போனாலும் வைப்பான். ஏன்னா அவனுக்குப் பாடம் படிப்பிச்சாச்சு.

ஏச்சு விழுந்தும் மாத்தாம வச்சிருந்த இடமும் இரிக்கு. அதுக்குத் திரும்ப ஒருக்கா அமெரிக்காவுக்குப் போகணும். அங்க டெட்ரொய்ட் லயன்ஸ் எண்டு ஒரு டீம் இரிக்கு. சூப்பர் போல் பக்கமே போகாத டீம். டேன் கெம்பல் எண்டு ஒருத்தரக் கோச்சாப் போட்டாங்க. நாலாவது டவுன் எண்டா ஓடுற மனிசன். 2021ல 17 மெட்ச்ல 3 தான் வெற்றி. 2022 தொடக்கத்துல 7ல ஒண்டு. வேற ஊரா இருந்தா அண்டைக்கே பெட்டியக் கட்டச் சொல்லியிருப்பாங்க. டெட்ரொய்ட் வச்சிக்கிட்டுது. 2023 சீசன்ல 12 வெற்றி, செமி பைனல் மாதிரி ஒரு மெட்ச் வரைக்கும் போய்ட்டாங்க. 2024 ஜனவரி, சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸோட, இடைவேளைக்கு 24க்கு 7 முன்னணி. பொறகு ரெண்டு தரம் நாலாவது டவுன்ல உதைக்காம ஓடப் பாத்தாங்க. ரெண்டும் தட்டிப் போச்சு. 34க்கு 31 எண்டு தோத்தாங்க. ஏச்சு எப்படி விழுந்திருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். கெம்பல் அந்த முடிவுகளுக்கு வருத்தப்படல்ல எண்டு சொன்னாரு. நிருவாகம் அவரத் தொடல்ல. அடுத்த சீசன் 17ல 15 வெற்றி.

(சூப்பர் போல் அதுக்குப் பொறகும் கிடைக்கல்ல. இது சினிமா இல்ல.)

அதனால கழக நிருவாகத்துல இருக்கிற காக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவ உங்கள்ல நாலஞ்சு பேர் வாசிப்பீங்க எண்டு எனக்குத் தெரியும். கெப்டன மாத்துற கூட்டத்த ஒரு சீசனுக்குத் தள்ளி வைங்க. அதுவரைக்கும் அவன்கிட்ட, ஏன் தோத்த எண்டு கேக்காம, ஏன் அப்படி முடிவெடுத்த எண்டு கேளுங்க. பதில்ல கணக்கு இருந்தா விட்டுடுங்க. கணக்கே இல்லாட்டி தாராளமா மாத்துங்க, நான் குறுக்க நிக்க மாட்டன்.